பழைய நகைச்சுவைக் கதாபாத்திரத்தைப் புதிய குடும்பப் படத்தில் மீண்டும் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணை வேடமாக வந்துபோய், படத்தின் கதையையே மக்கள் மறந்த பிறகும் பேசப்படுகிற நகைச்சுவைக் கதாபாத்திரங்கள் தமிழ் சினிமாவில் ஏராளம். அவற்றில் ஒன்றை எடுத்து, வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து பார்க்கக்கூடிய முழுநீளப் படமாக்க நினைக்கும் எழுத்தாளர்கள், உதவி இயக்குநர்கள், சிறு தயாரிப்பாளர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. சட்டம் தொடர்பான பதில்கள் பொதுவான விளக்கங்கள் மட்டுமே. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

எந்தக் கதாபாத்திரம் ஒரு முழுப் படத்தைத் தாங்கும்?

புகழ் மட்டும் போதாது. 'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியைத் தெரியாத தமிழர் குறைவு. ஆனால், அந்தக் காட்சியின் சிரிப்பு கவுண்டமணி, செந்தில் ஆகிய இருவருக்கும் இடையே நடக்கும் வழக்காடலில் இருக்கிறதே தவிர, அந்தப் பாத்திரங்களின் வாழ்க்கையில் இல்லை. இன்னொரு பழத்தை வாங்கிவரச் சொல்லி இரண்டு மணி நேரத்தை நகர்த்த முடியாது. 'ஃபிரண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலு ஏற்ற நேசமணி வேறு ரகம். தலையில் சுத்தியல் விழுந்த ஒரு காட்சிக்காக 2019 மே மாதத்தில் சமூக ஊடகங்கள் முழுவதும் அவருக்காகப் 'பிரார்த்தனை' நடந்தது என்றாலும், அந்தக் காட்சியை நீக்கிவிட்டாலும் நேசமணி மிஞ்சுகிறார். எடுத்த வேலையைச் சேதாரமில்லாமல் முடித்துக் கொடுக்கத் துடிக்கும் ஒரு கான்ட்ராக்டர். அதைக் கெடுப்பதற்கென்றே வாய்த்த வேலையாட்கள். இதில் ஓர் ஆசை இருக்கிறது, அதற்கு ஒரு தடையும் இருக்கிறது.

எளிய சோதனை ஒன்று உண்டு. பாத்திரத்தின் புகழ்பெற்ற வசனங்கள் அனைத்தையும் அடித்துவிட்டு, அந்த ஆளை ஒரு ரேஷன் கடை வரிசையில் நிறுத்திப் பாருங்கள். என்ன செய்வார் என்று உங்களால் உடனே சொல்ல முடிகிறதா? 'வின்னர்' (2003) படத்தில் வடிவேலு ஏற்ற கைப்புள்ளயாக இருந்தால், வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டு, கடைசியில் நிற்கும் ஒல்லியான ஆளிடம் அடி வாங்கிக்கொண்டு, அடியே விழாததுபோல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். இப்படி ஒரு காட்சி கேட்காமலேயே மனத்தில் ஓடினால் அந்தப் பாத்திரம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். வசனம் மட்டுமே நினைவுக்கு வந்தால் வேறொன்றைத் தேடுங்கள்.

கதாபாத்திரத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது? நடிகர் சம்மதித்தால் போதாதா?

போதாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒரு திரைப்படத்தின் ஆசிரியராகத் தயாரிப்பாளரையே கருதுகிறது. படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு அந்த உரிமை நீடிக்கும். தயாரிப்பாளர் அதை விற்றிருக்கலாம், நெகட்டிவ் உரிமை (மூலப் படச்சுருளோடு சேர்ந்த படத்தின் உரிமை) இரண்டு மூன்று கை மாறியிருக்கலாம், நிறுவனமே மூடப்பட்டிருக்கலாம். ஆகவே, முதல் வேலை அந்தச் சங்கிலியைக் கடைசிக் கண்ணிவரை தேடிப் பிடிப்பதுதான். இரண்டாவது வேலை எழுத்தாளரைத் தேடுவது. கதை, திரைக்கதை, வசனம் ஆகியவை படத்திலிருந்து தனிப்பட்ட படைப்புகள். இலக்கியப் படைப்புக்கான பாதுகாப்பு எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் ஆகும். அன்றைய ஒப்பந்தத்தில் எழுத்தாளர் எதையெல்லாம் எழுதிக்கொடுத்தார் என்பதைப் பொறுத்தே இன்று யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது முடிவாகும். நம் ஊரில் காமெடி டிராக்கை, அதாவது மையக் கதைக்கு இணையாக ஓடும் நகைச்சுவைப் பகுதியை, பெரும்பாலும் தனி எழுத்தாளர் குழு எழுதும். அவர்கள் பெயர் டைட்டில் கார்டில்கூட வராமல் போவது உண்டு. இதனால்தான் சிக்கல் இரட்டிப்பாகிறது.

திரைப்படக் கதாபாத்திரத்துக்குத் தனியாகப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்விக்கு இந்திய நீதிமன்றங்கள் இப்போது கூடுதலாகக் காது கொடுக்கின்றன. 'தபங்' படத்தின் சுல்புல் பாண்டே பாத்திரம் தொடர்பான வழக்கில், போதிய தனித்தன்மை கொண்ட பாத்திரம் பாதுகாப்புக்கு உரியது என்ற கருத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2016-இல் வெளியிட்டது. நடிகரின் பெயர், உருவம், குரல், பேசும் பாணி ஆகியவை வேறு கணக்கு. ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய ஒரு படத்துக்கு எதிராக 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததை நினைவில் கொள்ளுங்கள். சுருங்கச் சொன்னால், படத்தின் உரிமையாளர், எழுத்தாளர், நடிகர் என்று மூன்று கையெழுத்துகள் தேவை. இயக்குநரின் கையெழுத்தைச் சட்டம் கேட்காவிட்டாலும், மரியாதை கருதி அவரிடம் முதலில் சொல்லிவிடுவது நல்லது. படம் வெளியாகும் வாரத்தில் அவர் பேட்டி கொடுப்பதைவிட அது செலவு குறைவு.

பாத்திரத்தின் பெயரையே படத்துக்குத் தலைப்பாக வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அந்தத் தலைப்பை வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்திருக்கக்கூடும். தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவுபடுத்தியிருந்தாலும், தயாரிப்பாளர் அமைப்புகளில் செய்யப்படும் பதிவுக்குத் தொழில்துறைக்குள் மதிப்பு உண்டு. 'தலைநகரம்' (2006) படத்தில் வடிவேலு ஏற்ற நாய் சேகர் பாத்திரத்தின் பெயரில், சதீஷ் நடித்த வேறொரு படம் 2022 ஜனவரியில் 'நாய் சேகர்' என்றே வெளிவந்தது. அதனால் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்த வடிவேலுவின் படம் அதே ஆண்டு டிசம்பரில் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' என்ற பெயரில் வர வேண்டியிருந்தது. 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' (2013), 'நானும் ரௌடிதான்' (2015) ஆகிய தலைப்புகளும் வடிவேலுவின் பழைய காட்சிகளிலிருந்து வந்தவைதாம். அந்தப் படங்களில் அவர் இல்லை. கதை தயாராகும் முன்பே தலைப்பைப் பதிவு செய்துவிடுங்கள்.

படம் நெடுக வந்த நேரம் பதினைந்து நிமிடம். அதை இரண்டு மணி நேரக் கதாநாயகனாக மாற்றுவது எப்படி?

மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பிறகுதான்.

'தலைநகரம்' காட்சியையே எடுத்துக்கொள்வோம். ரௌடிகளைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பிடிபட்டவர்கள் எல்லோரும் தப்பிக்க வழி பார்க்கும் இடத்தில், யாரும் கண்டுகொள்ளாத ஒரே மனிதர் தானே வலிய வந்து, "நானும் ரௌடிதான்" என்று அடம்பிடித்து வண்டியில் ஏறுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. ஜெயில் அவருக்குத் தண்டனையாகத் தெரியவில்லை, சான்றிதழாகத் தெரிகிறது. இந்தச் சிரிப்புக்கு அடிப்படை அவர் பேசும் தொனியும் உடல்மொழியும் மட்டும் இல்லை. தான் யார் என்பதற்கும் தான் யாராகத் தெரிய வேண்டும் என்பதற்கும் நடுவே அவரிடம் உள்ள பள்ளம். அந்தப் பள்ளம்தான் பாத்திரம்.

காமெடி டிராக்கில் இது எளிது. காட்சி முடிந்ததும் கதை நாயகனிடம் போய்விடும். காதல், பாசம், பழிவாங்கல் என்று எடை கூடிய எல்லாவற்றையும் அவர் சுமந்துகொள்வார். நகைச்சுவைப் பாத்திரம் எந்த மாற்றமும் இல்லாமல் அடுத்த காட்சிக்கு வரலாம். அவரையே நாயகனாக்கும்போது அந்தச் சுமையும் அவர் தலையில் ஏறுகிறது. உடனே நம் திரைக்கதைகள் செய்கிற காரியம் என்ன? முதல் பாதியில் பழைய சேட்டைகள், இடைவேளைக்குப் பின் ஒரு சோகமான முன்கதை, கிளைமாக்ஸில் அவர் உண்மையிலேயே வீரனாகி நாலு பேரை அடிப்பது. பள்ளத்தை நிரப்பிவிட்ட பிறகு அங்கே சிரிக்க என்ன இருக்கிறது? வேறு சில படங்கள் பெயரையும் கெட்டப்பையும் எடுத்துக்கொண்டு, பாத்திரத்தின் தொழிலையும் கதையையும் புதிதாக மாற்றிவிடுகின்றன. 2022-இல் திரும்பி வந்த சேகர், ரௌடியாகத் தெரிய ஏங்கும் ஆள் இல்லை. நாய்களைக் கடத்திப் பணம் கேட்பவர். பெயர் வந்தது, அந்த ஏக்கம் வரவில்லை. எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' (2006) இதற்கு ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. அது பழைய பாத்திரத்தின் மறுவரவு இல்லை என்றாலும், நகைச்சுவை நடிகரான வடிவேலுவை முழுப் படத்துக்கும் நாயகனாக்கியதால் பாடமாகிறது. இயக்குநர் சிம்புதேவன் அதில் புலிகேசிக்கு உக்கிரபுத்தன் என்ற இரட்டைச் சகோதரனைக் கொடுத்தார். மக்களுக்காகக் கொதிப்பது, போராடுவது ஆகிய நாயக வேலைகளை உக்கிரபுத்தன் பார்த்துக்கொண்டதால், புலிகேசி எந்தக் கூச்சமும் இல்லாமல் கோழையாகவும் முட்டாளாகவும் இருக்க முடிந்தது. இருவரும் ஒரே முகம் என்பதால் ரசிகர்கள் நாயகனை இழக்கவும் இல்லை.

எல்லோருக்கும் இரட்டையர் கதை ஒத்துவராது. குடும்பப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான வழி, அந்தப் பொய்யை நம்பும் ஒருவரை வீட்டுக்குள் வைப்பது. தன் தாத்தா ஒருகாலத்தில் பெரிய ரௌடி என்று நம்பி, அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு வரும் பேத்தி ஒருத்தி இருந்தால், அந்த மனிதருக்கு இனி வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு காட்சியிலும் பொய்யின் விலை ஏறும். பாசமும் சிரிப்பும் ஒரே இடத்திலிருந்து வரும் என்பதால், 'இது காமெடி சீன், இது சென்டிமென்ட் சீன்' என்று பிரிக்க வேண்டியிருக்காது. கடைசியில் அவர் ஜெயிக்கலாம், ஜெயிக்கவும் வேண்டும்; ஆனால், இத்தனை வருடம் அவர் பழகிய கலைகளான ஓடுவது, ஒளிவது, தயங்காமல் காலில் விழுவது ஆகியவற்றால்தான் ஜெயிக்க வேண்டும்.

பழைய வசனங்களை எவ்வளவு பயன்படுத்தலாம்?

மிகக் குறைவாக. அந்த வசனங்களை மக்கள் பல ஆண்டுகளாக மீம்களிலும் வாட்ஸ்அப் ஸ்டிக்கர்களிலும் அலுவலகப் பேச்சிலும் பயன்படுத்திப் பயன்படுத்தி, மூலக் காட்சியைவிடக் கூர்மையாக்கி வைத்திருக்கிறார்கள். அதே வசனத்தைப் பாத்திரமே மீண்டும் சொல்லும்போது கைதட்டல் கிடைக்கும், சிரிப்பு கிடைக்காது. இரண்டும் வெவ்வேறு சத்தம் என்பது திரையரங்கில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். புகழ்பெற்ற வசனத்தை வேறு யாராவது அவரிடமே சொல்லி, அதற்கு அவர் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழிப்பது பெரும்பாலும் நன்றாக அமையும். தான் பிரபலம் என்பது பாத்திரத்துக்குத் தெரியவே கூடாது. கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கும் அளவுக்குத் தெரிந்துவிட்டால், அவர் பாத்திரமாக இல்லாமல் தன்னையே மிமிக்ரி செய்பவராக ஆகிவிடுகிறார்.

அந்தப் பாத்திரத்துடன் அன்று நடித்த இணை இப்போது இல்லையே?

இதைப் பலர் கடைசியாக யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தன் அப்பா டி. எஸ். பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சி அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது. கதை சொல்பவர் கதவுச் சத்தம், காலடி ஓசை என்று ஒவ்வொன்றாகப் பின்னணி கொடுத்துக்கொண்டே போகிறார். நாம் சிரிப்பதோ கேட்பவரின் முகத்தைப் பார்த்துத்தான். வசதியும் அதட்டலும் நிறைந்த அந்தப் பெரிய மனிதரின் முகம் சிறுபிள்ளையின் முகமாகச் சுருங்குகிறது. நாகேஷை மட்டும் வெட்டியெடுத்துப் போட்டால் பாதிக் காட்சிதான் கிடைக்கும்.

'சந்திரமுகி' (2005) படத்தில் வடிவேலு ஏற்ற முருகேசன் 2023-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்திலும் வந்தார். ஆனால், அவரைச் சீண்டியும் பயமுறுத்தியும் வேடிக்கை பார்த்த, ரஜினிகாந்த் ஏற்ற சரவணன் இல்லை. சீண்டும் கை இல்லாதபோது பயப்படும் முகம் தனியாகத் தவிக்கிறது. ஆகவே, அதே இணை நடிகர் கிடைக்காவிட்டால், அவரைப் போன்ற ஒருவரைத் தேடாதீர்கள். அவர் பாத்திரத்துக்குச் செய்துவந்த வேலையைச் செய்ய முற்றிலும் வேறு வகையான ஆளைக் கொண்டுவாருங்கள். அதட்டும் முதலாளியின் இடத்தில் அதட்டாமலேயே நம்பாத ஒரு மருமகள் வரலாம். அவருடைய புருவம் ஒருமுறை உயர்ந்தால் போதும்.

நடிகருக்கு இப்போது வயதாகிவிட்டது. பழைய உடல்மொழி வருமா?

வராது, வர வேண்டியதும் இல்லை. மிஸ்டர் பீன் பாத்திரத்தை 1990 முதல் நடித்துவந்த ரோவன் அட்கின்சன், ஐம்பதைக் கடந்த ஒருவர் குழந்தையைப்போல் நடந்துகொள்வது பார்க்கச் சற்று வருத்தம் தருவதாகிவிடுகிறது என்ற பொருளில் 2012-இல் பேசினார். 2007-க்குப் பிறகு அந்தப் பாத்திரத்தை வைத்து முழுநீளப் படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. நேர்மையான முடிவு. ஆனால், வீம்பு பேசும் பாத்திரங்களுக்கு வயது ஒரு வரம். இருபத்தைந்து வயதில் சவடால் விடுவதைவிட அறுபதில் விடுவது இன்னும் வேடிக்கை. விழுவதைக் குறைத்து, விழப்போகிறாரோ என்ற பதற்றத்தைக் கூட்டுங்கள். டூப் போட்டு எடுத்த பல்டியில் வெட்டு விழும் இடத்திலேயே சிரிப்பும் அறுந்துவிடும். நாற்காலியில் உட்காரச் சிரமப்பட்டுக்கொண்டே மிரட்டல் விடும் மனிதரை ஒரே ஷாட்டில் எடுத்தால் அவருடைய உண்மையான மூட்டுவலிகூட டைமிங்குக்கு உதவும்.

வேறு நடிகரை அதே பாத்திரத்தில் போடலாமா?

'பிங்க் பாந்தர்' ஆங்கிலப் படங்களில் வரும் தடுமாற்றக்காரத் துப்பறிவாளர் இன்ஸ்பெக்டர் குளூசோவின் கதையைப் பாருங்கள். பீட்டர் செல்லர்ஸ் 1963-இல் தொடங்கிய பாத்திரம் அது; 1968-இல் ஆலன் ஆர்க்கின் நடித்தார், எடுபடவில்லை; 1975-இல் செல்லர்ஸே திரும்ப வந்தார். அவர் 1980-இல் மறைந்தபின், முன்பு பயன்படுத்தாமல் விட்ட காட்சிகளை ஒட்டவைத்து 1982-இல் ஒரு படம் எடுத்தார்கள். அவருடைய மனைவி வழக்குத் தொடர்ந்து இழப்பீடு வாங்கினார். பல்லாண்டுகள் கழித்து, 2006-இல், ஸ்டீவ் மார்ட்டின் நடித்துக் குடும்பப் படமாக வந்தது வணிகரீதியாக ஓடியது. போதிய காலம் கடந்து, பழைய படத்தையே பார்க்காத ஒரு தலைமுறை வளர்ந்த பிறகுதான் புது முகம் ஏற்கப்படுகிறது. தமிழில் இன்னொரு தடை உண்டு: இங்கே பாத்திரத்தின் பெயரைவிட நடிகரின் பெயரைத்தான் மக்கள் முதலில் சொல்கிறார்கள். மகன், சீடன், தூரத்து உறவு என்று ஒரு வாரிசை உருவாக்குவது பாதுகாப்பான வழி.

மறைந்த நடிகரைச் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவரலாமா?

தொழில்நுட்பம் இருக்கிறது. 2024-இல் வெளிவந்த 'கோட்' படத்தில் விஜயகாந்தின் உருவம் அவ்வாறு வந்தது. அதே ஆண்டில் 'லால் சலாம்' படத்தின் ஒரு பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் குடும்பத்தினரின் அனுமதியுடன் உருவாக்கப்பட்டன. நாயகனின் ஒரு நொடி வருகைக்கு இது போதும். நகைச்சுவைக்குப் போதாது. எதிரே நிற்பவர் அரை நொடி தாமதித்தால் தானும் தாமதிக்கிற, எழுதாத ஒரு முனகலைச் சேர்க்கிற அந்த உயிர்ப்புதான் நகைச்சுவை நடிகரின் மூலதனம். என்னைக் கேட்டால், சுவரில் மாலை போட்ட ஒரு புகைப்படமும் அதனிடம் பேசும் ஒரு பழைய நண்பரும் போதும்.

குடும்பப் படம் என்றால் பழைய நகைச்சுவையில் எதையெல்லாம் விட வேண்டும்?

நிறம், உடல் பருமன், மாற்றுத்திறன், திருநர் அடையாளம் ஆகியவற்றை வைத்து அன்று எழுதப்பட்ட கேலிகளை விடலாம். இழப்பு ஒன்றும் இல்லை. மனைவியை அடிப்பதும் மனைவி அடிப்பதும் அப்படியே. கூர்ந்து பார்த்தால், நினைவில் நிற்கும் காட்சிகளில் பெரும்பாலானவற்றில் கேலிக்கு இலக்கு அந்தப் பாத்திரமேதான், அவரைவிட வலிமை குறைந்தவர் இல்லை. அதே சமயம், பாத்திரத்தை நல்லவராகக் கழுவித் துடைக்க வேண்டாம். பொய், பேராசை, பந்தா, ஓசிச் சாப்பாடு எல்லாம் இருக்கட்டும். குழந்தைகளுக்கு அயோக்கியத்தனம் பிடிக்கும், கொடுமைதான் பிடிக்காது.

தணிக்கையைப் பொறுத்தவரை, 2024 முதல் யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. குழந்தைகளோடு வருபவர்களை நம்பி எடுக்கும் படத்துக்கு 'யு' அல்லது 'யு/ஏ 7+' என்று இலக்கு வைத்து, எழுதும்போதே அதற்கேற்ப எழுதுங்கள். 2011 முதல் தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்குக்கு 'யு' சான்றும் நிபந்தனையாக இருந்த காலத்தில், எடுத்து முடித்த படத்தைக் கடைசி நேரத்தில் வெட்டி 'யு' வாங்கிய பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. காமெடிக் காட்சியில் நடுவே வெட்டு விழுந்தால் மிச்சம் எதுவும் தேறாது.

படத்தில் குழந்தைகளும் நாயும் இருக்கிறார்கள். தனி விதிகள் உண்டா?

உண்டு. குழந்தை நடிகரை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் நடிக்கவைக்கக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஊதியத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போடப்பட வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதியும், தணிக்கைக்கு முன் அதன் தடையில்லாச் சான்றும் தேவை. கால்ஷீட் போடும்போதே இதைக் கணக்கில் எடுங்கள், ஏனென்றால் பெரிய நடிகரின் தேதி குழந்தையின் ஐந்து மணி நேரத்துக்காகக் காத்திருக்கும் நாட்கள் நிச்சயம் வரும்.

திரைக்கதை சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய படத்தைப் பார்க்காத பத்து வயதுப் பிள்ளைகள் சிலருக்கும், அதைப் பலமுறை பார்த்த பெரியவர்கள் சிலருக்கும் தனித்தனியாக வாசித்துக்காட்டுங்கள். பெரியவர்கள் மட்டும் சிரிக்கும் இடங்கள் நினைவுக்காகச் சிரிக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். பிள்ளைகள் மட்டும் சிரிக்கும் இடங்களில் பாத்திரம் தன் இயல்பை விட்டு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். இருவரும் சிரித்த இடங்களைத் தொடாதீர்கள், இயக்குநருக்கு அந்த வாரம் புதிதாக ஏதாவது தோன்றினாலும்கூட.

டிரெய்லரில் எதைக் காட்டலாம்?

பாத்திரம் திரும்ப வந்திருக்கிறது என்பதையும், அவருக்கு இப்போது என்ன சிக்கல் என்பதையும் காட்டுங்கள். நல்ல நகைச்சுவைகள் அத்தனையையும் இரண்டு நிமிடத்தில் கொட்டிவிட்டால், திரையரங்கில் அந்த இடம் வரும்போது மௌனம்தான் கிடைக்கும்.

முடிவில் இரண்டாம் பாகத்துக்கு இடம் வைக்கலாமா?

ஒப்பந்தத்தில் வையுங்கள், கதையில் வைக்காதீர்கள். மூன்று தரப்பின் உரிமையையும் அடுத்த படத்துக்கும் சேர்த்து, என்ன தொகை, எத்தனை ஆண்டுக்குள் என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளலாம். படம் ஓடிய பிறகு கேட்டால் தொகை வேறாக இருக்கும். கதையை மட்டும் இந்தப் படத்திலேயே முடித்துவிடுங்கள்.